அறுநூற்றுப் பன்னிரண்டு தேவையற்ற கோப்புகள்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை ஒருமுறை கிழியாமல் வெளியே எடுத்தேன், அதுதான் ஆதாரம். எனக்குத் தமிழ் தெரியும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்கு ஆதாரம், என் பெயர் வெங்கிடராமன் என்பது. இந்த இரண்டு வதந்திகளையும் கூட்டிப் பார்த்து, மட்டாஞ்சேரி வட்டத்தில் தமிழ் பேசும் துப்புரவுப் பணியாளர்களுக்கு என்னை 'எண்ணியல் உதவி மேசை'யாக நியமித்தார்கள். மேசை தரவில்லை. கேட்டதற்கு, "நீங்கள்தானே மேசை" என்றார்கள்.

நியமித்தது நகர்த் தூய்மை எண்ணியல் இயக்ககம். அதன் இயக்குநர் விஸ்வேஸ்வரன் அவர்கள் தொடக்க விழாவில் மலையாளத்தில் நாற்பது நிமிடம் பேசினார். முக்கியமான பகுதியை மட்டும் தமிழில் தருகிறேன்: "இதுவரை ஒரு தெரு சுத்தமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நாம் அந்தத் தெருவுக்கே போக வேண்டியிருந்தது. அந்த அவலம் இன்றோடு முடிகிறது."

எல்லாரும் கைதட்டினோம். அவலத்தை அதுவரை அனுபவித்தவர்கள் பின்வரிசையில் சீருடையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

செயலியின் பெயர் தெளிமை. வேலை எளிது. பெருக்குவதற்கு முன் தெருவை ஒரு படம் எடுக்க வேண்டும், பெருக்கிய பின் ஒரு படம். முன், பின் இரண்டும் ஏறினால் பச்சை விளக்கு எரியும், வருகை பதிவாகும். சிக்கல் ஒன்றுதான். பஜார் ரோட்டில் ஏழு மணிக்கெல்லாம் அரிசி லாரியும் மிளகு லாரியும் வந்து நின்றுவிடும், அதற்குள் பெருக்கி முடித்தாக வேண்டும். செயலியோ அதிகாரிகள் வருகிற ஒன்பதரைக்குத்தான் திறக்கும். அதாவது 'முன்' படம் எடுக்கிற நேரத்தில் தெரு ஏற்கெனவே 'பின்' ஆகியிருக்கும்.

முதல் வாரம் எங்கள் வட்டத்தில் ஒருவருக்கும் வருகை விழவில்லை. செயலியின் கணக்கில் மட்டாஞ்சேரியில் குப்பையே இல்லை, ஆகவே பெருக்கவும் ஆளில்லை.

வழி கண்டுபிடித்தது காளியம்மை. பதினெட்டு வருஷமாக, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் பெருக்குகிறவள். தள்ளுவண்டியில் ஒரு பை வைத்துக்கொண்டாள். அதில் இரண்டு வாழைப்பழத் தோல், மூன்று காகிதக் கோப்பை, கொஞ்சம் பழைய லாட்டரிச் சீட்டு, ஒரு நீலச் செருப்பு. ஒன்பதரைக்கு நடுத்தெருவில் அதைக் கொட்டி ஒரு படம், அள்ளி ஒரு படம்.

"தப்பில்லையா காளியம்மை?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு அள்ளினது நெஜக் குப்பை. அதைப் பார்க்க உங்க ஆபீசுக்குக் கண்ணு தொறக்கலை. இது ஆபீசுக்குன்னு தனியா உண்டாக்கினதாக்கும் சாமி. மரியாதையா எடுத்துக்கோங்க" என்றாள்.

பை கைமாறிக் கைமாறி வட்டம் முழுக்கச் சுற்றியது. மூன்றாவது வாரம் தலைமையகத்து இயந்திரம் விழித்துக்கொண்டது. ஒரே நாளில், ஒரே நீலச் செருப்பு, பதினோரு தெருக்களில். விளக்கம் கேட்டு ஓலை வந்தது: 'மேற்படி செருப்பின் உரிமையாளர் ஏன் நகர் முழுதும் அலைகிறார் என்பதைக் கண்டறிந்து தெரிவிக்கவும்.' மேற்பார்வையாளர் ஷிபு இரண்டு நாள் லீவு போட்டான். நான் உண்மையை எழுதினேன். வாழ்நாளில் நான் அரசாங்கத்துக்கு எழுதிய ஒரே உண்மை அது. பலன் இருந்தது. செயலியின் நேரத்தை மாற்றவில்லை, ஒவ்வொரு பணியாளருக்கும் 'முன்நிலைக் கழிவுத் தொகுப்பு' ஒன்று வழங்க உத்தரவாயிற்று. பழத்தோல் அழுகும் என்பதால் பிளாஸ்டிக்கில் செய்த பழத்தோல். செருப்பு ஆளுக்கொரு நிறம்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி நல்லசிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நல்லசிவம் இருபத்தாறு வருஷமாகக் குப்பை வண்டி தள்ளுகிறவர். ஒல்லியான ஆள். தமிழும் வாசிக்க வராது, மலையாளமும் வராது. அவர் மனைவி அம்பிளி, ஜூ டவுனில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் சுக்கு தெரிந்துகொண்டிருந்தாள், நல்லது கெட்டது பொறுக்கிப் பிரிக்கிற வேலை. அவளுக்கு எழுத வரும். ஆனால் எழுதினால் இவருக்கு வாசிக்க ஆள் வேண்டும். அதனால் எதைச் சொல்வதென்றாலும் வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பிவிடுவாள். போன மழைக்காலத்தில், இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள். அவளுடைய போன் அந்தக் களேபரத்தில் ஆஸ்பத்திரியிலேயே தொலைந்துவிட்டது. இவருடைய போனில் அவள் அனுப்பிய குரல்கள் இருந்தன. அறுநூற்றுப் பன்னிரண்டு.

பழைய போன். நினைவகம் நிறைந்து வாட்ஸ்அப்பே திறக்க மாட்டேன் என்றபோது, பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கும் சாய்கிருஷ்ணா, அந்தக் குரல்களை மட்டும் பாட்டுகள் இருக்கும் இடத்தில் தெரியும்படி செய்து கொடுத்திருந்தான். ஒன்று முடிந்தால் அடுத்தது தானே ஓடும். போனைப் பால் கவரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நல்லசிவம் பெருக்கிக்கொண்டே கேட்பார். பஜார் ரோட்டில் அதிகாலையில் மிளகு வாசனையோடு அம்பிளியின் குரல் வந்துகொண்டிருக்கும்.

"சேட்டா, வரும்போ கப்பைக் கிழங்கு வாங்கிக்கோங்க. போன தடவை மாதிரி கல்லு வேண்டா. அமுக்கிப் பார்த்து வாங்கணும், கேட்டீங்களா?"

"சேட்டா, குடை எடுத்தீங்களா? எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன்."

அடுத்தது: "எடுக்கலியா? மனுஷனா நீங்க?"

ஒன்றில் பேச்சே கிடையாது. தவறி அழுத்தியிருக்கிறாள். ஒரு குக்கர் விசில், இரண்டு இருமல். நல்லசிவம் அதையும் தாண்டிப் போகாமல் முழுசாகக் கேட்பார்.

"எல்லா ஆம்பளைக்கும் பெண்டாட்டி போனா திட்டு நிக்கும். இந்தாளுக்கு மட்டும் பாட்டரி தீர்ற வரை திட்டு" என்பாள் காளியம்மை. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். சுக்குப் பொடி என்பாள்.

அதுவரை காளியம்மையின் போனில்தான் நல்லசிவத்துக்கும் படம் எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது 'ஒரு பணியாளர், ஒரு முகம், ஒரு கைபேசி' என்று புதுச் சுற்றறிக்கை வந்தது. வியாழக்கிழமைக்குள் அவரவர் போனில் செயலி ஏறாவிட்டால், வேலையை விட்டு விலகியதாகக் கருதப்படும். நல்லசிவம் இருபத்தாறு வருஷமும் தற்காலிகப் பணியாளர். விலக்குவதற்குக் காகிதம்கூட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை போனை என்னிடம் நீட்டினார். செயலியை இறக்கினேன். 'இடம் போதவில்லை. தேவையற்றவற்றை நீக்கவும்' என்று வந்தது.

"எந்தா சாமி சொல்லுது?"

"இடம் இல்லையாம். எதையாவது அழிக்கணும்."

"அழிச்சுக்கோங்க. அம்பிளியை மட்டும் தொடப்பிடாது."

வேறு எதுவுமே பெரிதாக இல்லை. யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் கொஞ்சம், ஒரு முருகன் படம். முருகனை அழிக்க எனக்குக் கை வரவில்லை, அவரே சொல்லி அழிக்க வைத்தார். அப்போதும் போதவில்லை.

சாய்கிருஷ்ணாவிடம் போனோம். போனைத் திருப்பிப் பார்த்தான். "எல்லாத்தையும் ஒரு கார்டுல ஏத்திடலாம் அங்கிள். பிரச்சனை இல்ல. ஆனா இதுல கார்டு போட இடம் இல்ல, ப்ளூடூத்தும் ஓடலை, கம்ப்யூட்டர்ல செருகற இந்த போர்ட்டும் போச்சு. சார்ஜ் ஏறும், வேற ஒண்ணும் ஏறாது இறங்காது. புதுசு எறணாகுளத்துலேர்ந்து சனிக்கிழமை வரும். சனிக்கிழமை சாயங்காலம் வாங்க."

வியாழனுக்கும் சனிக்கும் இடையில் இரண்டு நாள். இரண்டே நாள்.

அவகாசம் கேட்கும் படிவம் எங்கே என்று தேடினேன். செயலிக்குள் இருந்தது. செயலியை ஏற்றியவர்கள், ஏற்றுவதற்கு அவகாசம் கேட்கலாம்.

நேரில் போவோம் என்று புதன்கிழமை இயக்குநரின் அறைக்குப் போனேன். நல்லசிவம் வராந்தாவில் நின்றார். விஸ்வேஸ்வரன் அவர்கள் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் எனக்கு எழுத இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"மனைவி சொன்னதில் முக்கியமான தகவல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"கப்பை வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் சார்."

"வாங்கிவிட்டாரா?"

"வாங்கியிருப்பார்."

"அப்படியானால் அந்தக் கோப்பு முடிந்துவிட்டதே" என்றார். "வெங்கிடராமன், இரண்டு நாள் நான் தருவேன். மனசு இருக்கிறது. ஆனால் மனசை ஏற்றுவதற்கு மென்பொருளில் ஒரு கட்டம் இல்லை. கட்டம் வைத்தால் எல்லாரும் நிரப்புவார்கள். அப்புறம் நான் நிர்வாகம் செய்வதா, கேட்டுக்கொண்டிருப்பதா?"

பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி ஒரு வழி சொன்னார். செயலியின் சிறிய வடிவம் ஒன்று தயாராகிவிட்டதாம். கொஞ்சம் இடம் போதுமாம். நான் வராந்தாவுக்கு ஓடி வந்து நல்லசிவத்தின் தோளைத் தட்டினேன். சொந்தச் செலவில் இரண்டு சாயா வாங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை காலை பஜார் ரோட்டில், ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து சிறிய வடிவத்தை ஏற்றினேன். ஏறியது. பதினான்கு அனுமதிகள் கேட்டது. முகத்தைப் பார்க்கலாமா, இருக்கும் இடத்தை அறியலாமா, அது, இது. நான் அனுமதி, அனுமதி என்று அழுத்திக்கொண்டே போனேன். நல்லசிவம் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் வாசிச்சுதானே சாமி அமுக்கறீங்க?"

"பின்னே?" என்றேன்.

பதினோராவது அனுமதி இது: 'உங்கள் கைபேசியையும் தூய்மையாக வைத்திருக்க அனுமதிக்கவும்.' பிற்பாடு என் போனில் ஏற்றிப் பார்த்தபோதுதான் அதை வாசித்தேன். அன்று அந்தப் படியில் இருந்த இரண்டு பேரில் வாசிக்கத் தெரிந்தவன் நான்.

பச்சை விளக்கு எரிந்தது. ஒரு துடைப்பம் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெருக்கியது. அழகாகத்தான் இருந்தது. பிறகு எழுத்து வந்தது: 'வாழ்த்துகள்! தொண்ணூறு நாட்களுக்கு மேற்பட்ட, யாருடனும் பகிரப்படாத 612 தேவையற்ற கோப்புகள் அகற்றப்பட்டன.'

"வருகை விழுந்ததா?" என்றார் நல்லசிவம்.

"விழுந்தது."

போனை வாங்கி, வழக்கமான இடத்தில் விரலை வைத்தார். காதில் வைத்துக்கொண்டார். மறுபடி விரலை வைத்தார். மறு காதில் வைத்தார்.

"ஒச்சை வரலை சாமி."

நான் வாங்கி ஒலியைக் கூட்டினேன். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துதான் கூட்டினேன். ஏதாவது ஒன்றை அழுத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் உதவி மேசை. நிறுத்தினால் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

புகார் கொடுத்தேன். புகாரில் ஒரே வகைதான் இருந்தது: 'குப்பை அகற்றப்படவில்லை.' அகற்றக் கூடாதது அகற்றப்பட்டது என்று ஒரு வகை அவர்களுக்குத் தோன்றவில்லை. இருப்பதையே அழுத்தி, கீழே விவரம் எழுதினேன். ஏழு நிமிடத்தில் பதில் வந்தது: 'ஆய்வு செய்யப்பட்டது. கழிவு முழுமையாக அகற்றப்பட்டிருப்பது உறுதி செய்யப்படுகிறது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்கவும்.'

சனிக்கிழமை சொன்னபடி போர்ட்டு வந்தது. சாய்கிருஷ்ணா அதை மாற்றி, கம்ப்யூட்டரில் செருகி ஒரு மணி நேரம் பார்த்தான். கடைக்கு வந்த நாலு பேரை அப்புறம் வா என்று அனுப்பிவிட்டான்.

"அழிஞ்ச உடனே சும்மா விட்டிருந்தா கொஞ்சம் எடுத்திருக்கலாம் அங்கிள்" என்றான். "அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்துடுச்சு. ஒரு வீடியோ. பெரிய வீடியோ."

இயக்குநரின் வரவேற்புரை. மூன்று மொழிகளில், நாற்பது நிமிடம் வீதம். செயலிதான் சிறிய வடிவம், உரை முழு வடிவம்.

திரும்பி வருகிற வழியில் நல்லசிவம் படகுத்துறை பக்கம் வந்ததும் நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். கோவிக்கப்பிடாது. எடுத்ததை எங்க கொண்டு தட்டுவாங்க?"

"தட்ட மாட்டாங்க நல்லசிவம். அது அப்படியே இல்லாம போயிடும்."

"அதெப்படி? நான் இருபத்தாறு வருஷம் அள்ளறேன். ஒரு காயிதத் துண்டுகூட இல்லாம போய் நான் கண்டதில்ல. இங்கேர்ந்து அள்ளினா வண்டியில இருக்கும். வண்டியிலேர்ந்து எடுத்தா லாரியில இருக்கும். லாரி போனா யார்டுல இருக்கும். போய்த் தெரிஞ்சு பொறுக்கினா கிடைக்கும். ஒருதடவை ஒரு பாயம்மா மோதிரம் போச்சுன்னு வந்தா. நானும் காளியம்மையும் போய் யார்டுல தெரிஞ்சு எடுத்துக் கொடுத்தோம். நாறும். அவ்வளவுதானே? நாத்தம் எனக்குப் பழக்கம். இடத்தை மட்டும் கேட்டுச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை போய்த் தெரிஞ்சுக்கறேன்."

நான் வேடிக்கையாகப் பேசுகிற ஆள் என்று பெயரெடுத்தவன். எந்தச் சாவு வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அன்று படகுத்துறையில் வெறுமனே, "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் நாலு நாள், அவர் வண்டி வருகிற சத்தம் கேட்டால் பக்கத்துச் சந்தில் நுழைந்தேன்.

ஐந்தாம் நாள் தலைமையகத்திலிருந்து கடிதம். 'பூஜ்யக் கழிவுக் கைபேசி' விருது. மொத்த நகரத்திலும் ஒரே துடைப்பில் அதிகக் கோப்புகள் நீங்கிய கைபேசி நல்லசிவத்தினுடையது. விழாவுக்கு வருவது கட்டாயம். வராவிட்டால் அன்றைய வருகை விழாது.

கல்யாண மண்டபம் போல ஒரு அரங்கம். நல்லசிவம் துவைத்த சீருடையில், முன்வரிசையின் ஓரத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மற்ற பணியாளர்கள் பின்னால். காளியம்மை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இயக்குநர் பேசினார்.

"கழிவு என்பது என்ன? யாருக்கும் பயன்படாதது. இந்தப் பணியாளரின் கைபேசியில் இருந்த அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளையும் இயந்திரம் அலசியது. ஒன்றில்கூடத் தகவல் என்று எதுவும் இல்லை. சிலர் என்னிடம் கேட்டார்கள், இயந்திரத்துக்கு மனசு உண்டா என்று. இல்லை என்று பெருமையோடு சொல்கிறேன். பத்து வருஷம் பழகினால் நமக்கும் அந்த நிலை கைகூடும். எனக்குக் கூடியிருக்கிறது. இந்த எளிய மனிதரிடம் தெருவை மட்டும் சுத்தமாக வைக்கச் சொன்னோம். அவர் தன்னையே காலி செய்து காட்டிவிட்டார்!"

சால்வை போர்த்தினார்கள். சட்டமிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார், ஷிபு ஓடிப்போய்த் திருப்பி வைத்தான். பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவர் முன்னால் இறக்கினார்கள். அவருக்குத் தமிழில் பேசலாமா என்று சந்தேகம். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"நமஸ்காரம்" என்றார். மைக் கீச்சிட்டது. சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். "எனக்குப் பேச அறியாது. வீட்டுல பேசறது அவதான். அவ சொன்னது எல்லாம் மனப்பாடம்னு நினைச்சிருந்தேன். தினசரி கேட்டதாக்கும். இப்போ ஒண்ணொண்ணா நழுவுது. அதுல ஒண்ணு, ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்பினது. கடைசி. அதை மட்டும் இங்க சொல்லி வெச்சிடறேன். இத்தனை பேர் கேட்டா போகாது இல்லியா."

அரங்கம் சிரித்துத் தலையாட்டியது.

அவர் குரலை மாற்றவில்லை. ஆனால் வேகம் மாறியது. அது அம்பிளியின் வேகம். பஜார் ரோட்டில் கேட்டிருக்கிறேன்.

"'சேட்டா. டாக்டர் வந்துட்டுப் போனார். ஒண்ணும் இல்லையாம். நீங்க வேலையைப் போட்டுட்டு ஓட வேண்டா. சாயா குடிச்சிட்டு மெல்ல வந்தா மதி, அது போதும்.'"

நிறுத்தினார்.

"நான் மெல்லதான் போனேன்" என்றார். "சாயா குடிச்சிட்டு."

மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் ஒண்ணு சொல்லுவா. சின்னதா. 'மெல்ல வந்தா மதி…' சொல்லிட்டு… 'மெல்ல வந்தா மதி, சேட்டா…'"

தலையைச் சற்றே சாய்த்தார். கண் எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுவதுபோலக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். ஒரு பத்து விநாடி இருக்கும்.

பேச்சு முடிந்துவிட்டது என்று முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இயக்குநர் தட்டினார். அரங்கம் தட்டியது. நானும் தட்டினேன். பழக்கம்.

நல்லசிவம் ஒரு கையை உயர்த்தினார். சத்தம் போடாதீர்கள், கேட்கட்டும் என்பதுபோல. அவர் நன்றி சொல்கிறார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.